நிரல் எல்லோருக்கும் பொது என்று அறிவித்த பிறகு, ஒரே வரிக்கு மூன்று விடைகள் வருகின்றன

பைசாக்கணக்கு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் ஒன்றை உருவாக்கிப் பராமரிக்கும் ஏழு பேர் கொண்ட குழுவில் நான் வேலை செய்கிறேன். அதில் வரியைக் கணக்கிடும் மாட்யூலை, அதாவது நிரலின் அந்தத் தனிப் பகுதியை, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த சமயத்தில் எழுதியவர் எங்கள் குழுவின் மூத்தவர். அதன் பிறகு எட்டு ஆண்டுகளாக அதில் வேறு யாரும் கை வைத்ததில்லை. கை வைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. வரி என்ற சொல் உள்ள டிக்கெட் (வேலைக் கோரிக்கை) எது வந்தாலும் அது அவர் பெயருக்கே போய்ச் சேரும். மற்றவர்கள் நிம்மதியாக அடுத்த டிக்கெட்டைப் பார்ப்போம்.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், 12, 28 சதவீத அடுக்குகளிலிருந்த பெரும்பாலான பொருள்களை 5, 18 சதவீத அடுக்குகளுக்கு மாற்றுவதாகவும், அது 22ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வரும் என்றும் அறிவித்தது. எங்களுக்குக் கிடைத்த அவகாசம் முழுதாக மூன்று வாரம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து மூத்தவரின் தந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர் அந்த மாற்றங்களைச் செய்துகொண்டிருக்க, நாங்கள் ஆறு பேரும் அலுவலகத்தில் அவருடைய கமிட் (நிரலில் பதிவாகும் மாற்றம்) எப்போது வரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அக்டோபரில் எங்கள் மேலாளர், இனி எந்த மாட்யூலும் யாருடைய தனிச் சொத்தும் அல்ல, எல்லா நிரலும் எல்லோருக்கும் பொது என்று அறிவித்தார். நாங்களும் கைதட்டி வரவேற்றோம்.

நான்கு மாதம் கழித்து, ஒரு மொத்த வியாபாரி எங்களை அழைத்து, தன்னுடைய பில்களின் வரித் தொகையும் மாதாந்தர அறிக்கையின் வரித் தொகையும் சில பைசாக்கள் இடிக்கின்றன என்றார். தேடிப் பார்த்தபோது, வரியைப் பைசாவுக்கு முழுமையாக்கும் ஃபங்ஷன் (கணக்கிடும் சிறு நிரல் துண்டு) மூன்று இடங்களில் மூன்று விதமாக இருப்பது தெரிந்தது. 105 ரூபாய் 50 பைசா மதிப்புள்ள ஒரு பொருளுக்கு 18 சதவீத வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் எழுதிய பழைய ஃபங்ஷன் மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டியையும் மாநில அரசின் பங்கான எஸ்ஜிஎஸ்டியையும் ஒன்பது ஒன்பது சதவீதமாகத் தனித்தனியே கணக்கிட்டு, 9.495 என்பதை 9.50 ஆக்கி, மொத்தம் 19.00 என்கிறது. அறிக்கைக்காக நண்பர் ஒருவர் புதிதாக எழுதியது மொத்த வரியை ஒரே வீச்சில் கணக்கிட்டு 18.99 என்கிறது. மூன்றாவது ஒன்று கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு, 9.49ஐ இரண்டு முறை கூட்டி, 18.98 என்கிறது. அந்த மூன்றாவதை எழுதியவன் நான்தான்.

இதற்கு நடுவே, சென்ற மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு உடைந்த பில்ட் (நிரலைத் தொகுத்து ஓடவைக்கும் தானியங்கி வேலை) மாலை நான்கு மணி வரை அப்படியே கிடந்தது. ஏழு பேரும் அதைப் பார்த்திருக்கிறோம். ஏழு பேரும் வேறு யாரோ கவனித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறோம். உரிமை எங்களுக்கு வந்துவிட்டது, ஆனால் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கத் தயங்குகிறவர்களைப் போலவே நடந்துகொள்கிறோம். பழையபடி மாட்யூலுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்வதா, இதையே இன்னும் சில மாதம் தொடர்ந்து பார்ப்பதா? அனுபவம் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய விசைப்பலகை எழுதிய பதில்:

உங்கள் கேள்வியில் என் கவனத்தை ஈர்த்தது அந்த மூன்று ஃபங்ஷன்கள்தான். பொது உரிமை அதிகமாகிப்போனதால் வந்த கேடு என்று அதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. உண்மையிலேயே அந்த நிரல் உங்களுடையது என்று நீங்கள் கருதியிருந்தால், பழைய ஃபங்ஷனைத் திறந்து படித்து, தேவையான மாற்றத்தை அதிலேயே செய்திருப்பீர்கள். அதைத் தொட்டால் என்ன உடையுமோ என்ற அச்சத்தில் பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டீர்கள். ஆக, உங்கள் குழுவில் மாறியது அறிவிப்பு மட்டும்தான்; மூத்தவரின் மாட்யூல் இன்றும் மூத்தவருடையதாகவே இருக்கிறது.

நிரலின் பொது உரிமை என்ற இந்த நடைமுறையைப் பரவலாக அறியச் செய்தவர் மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக். 1990களின் நடுப்பகுதியில் கிறைஸ்லர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் திட்டத்தில் உருப்பெற்ற எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில் அது பன்னிரண்டு நடைமுறைகளில் ஒன்று. கவனியுங்கள், பன்னிரண்டில் ஒன்று. இருவர் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவது, நிரல் சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் தானியங்கி டெஸ்ட்கள், நாளுக்குப் பல முறை நிரலை ஒன்றிணைப்பது, எல்லோரும் ஒரே நடையில் எழுதுவது ஆகிய நான்கும் அதைத் தாங்கி நிற்கும் கால்கள். கால்களை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் வாங்கி வந்து வைத்தால் அது கட்டில் ஆகாது. உங்கள் மேலாளர் நல்ல எண்ணத்துடன்தான் செய்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடைசியாக வெளியிட வேண்டிய அறிவிப்பை முதலிலேயே வெளியிட்டுவிட்டார்.

எனவே ஒன்றை மட்டும் கேட்கிறேன்: அந்த வரி மாட்யூலுக்கு எத்தனை டெஸ்ட்கள் இருக்கின்றன? ஒன்றும் இல்லை அல்லது பெயருக்குச் சில என்பது விடையானால், உரிமையைப் பற்றிய பேச்சைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். சில கடைகளின் பழைய பில்களை எடுத்து, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, மூன்று ஃபங்ஷன்களிலும் ஓடவிட்டு, விடைகள் வேறுபடும் பில்களை மட்டும் தனியே பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நிரலாளர்கள் ஒருவரோடொருவர் வாதாட வேண்டாம். ஒரு கணக்காளரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எது சரியான வரி என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர். அவர் சரி என்று குறித்துக் கொடுக்கும் ஒவ்வொரு பில்லும் ஒரு டெஸ்ட் ஆகட்டும். மாற்றினால் எது உடையும் என்று மெஷினே சொல்லத் தொடங்கிய பிறகு, நேற்று சேர்ந்தவரும் அந்த மாட்யூலில் துணிந்து கை வைப்பார்.

ஒற்றைச்சாவி எழுதிய பதில்:

மேலே எழுதியவரின் டெஸ்ட் யோசனையை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் டெஸ்ட்கள் வந்துவிட்டால் பெயர் குறிப்பிட்ட பொறுப்பாளர் தேவையில்லை என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. 2011இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்தவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 ஆகியவற்றின் நிரலை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியில் நடந்த மாற்றங்களில் 5 சதவீதத்துக்கும் குறைவாகச் செய்தவரைச் சிறு பங்களிப்பாளர் என்று வகைப்படுத்தி, அத்தகையவர்கள் அதிகமாக வந்துபோன பகுதிகளில் வெளியீட்டுக்கு முன்பும் பின்பும் பழுதுகள் அதிகமாக இருந்ததைக் கண்டார்கள். தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது, சிக்கலான பகுதிகளுக்கே பலரும் வர நேர்ந்திருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த ஆய்வாளர்கள் சொன்ன பரிந்துரை எளிமையானது: எப்போதாவது வந்து கை வைப்பவரின் மாற்றத்தை, அந்தப் பகுதியை நன்கு அறிந்தவர் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். யாரும் வரக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை.

மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2006இல் நிரல் உரிமையை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார். உரியவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது ஒன்று; யாரும் எதையும் மாற்றலாம் என்பது மற்றொன்று; இரண்டுக்கும் இடையில், யாரும் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் அதைக் கண்காணிக்க ஒருவர் இருக்கிறார் என்பது மூன்றாவது. உங்களுக்கு அந்த இடைப்பட்டதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. எங்கள் ஊர் ஏரி ஊருக்கே பொது. ஆனால் மடையைத் திறந்து மூட நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார், அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். அவர் ஏரிக்குச் சொந்தக்காரர் அல்லர். இரவில் மடை உடைந்தால் போய்க் கதவைத் தட்ட வேண்டிய வீடு அவருடையது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் மாற்றம் எழுதி அனுப்பலாம். ஆனால் மெயின்டெய்னர்ஸ் என்ற ஒரு கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் யார், அப்பகுதியின் நிலை என்ன என்பவை எழுதப்பட்டிருக்கின்றன. எனக்குப் பிடித்தது, அந்த நிலைகளில் ஒன்றின் பெயர் ‘ஆர்ஃபன்’, அதாவது அநாதை. பொறுப்பாளர் இல்லாத பகுதியை இல்லாதது என்றே வெளிப்படையாக எழுதிவைக்கிறார்கள். உங்கள் வரி மாட்யூல் அக்டோபர் முதல் அந்த நிலையில்தான் இருந்திருக்கிறது, எழுதி வைக்க ஒரு கோப்பு இல்லாததால் நான்கு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்றால், எந்தப் பகுதியின் மாற்றத்துக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்று எழுதிவைக்கும் கோட்ஓனர்ஸ் என்ற கோப்பு வசதி 2017 முதல் அதில் இருக்கிறது. வரி மாட்யூலுக்கு அதில் இரண்டு பெயர்களை எழுதுங்கள். ஒரே பெயரை எழுதினால் அவர் விடுப்பில் போகும் நாளில் எல்லாப் புல் ரிக்வெஸ்ட்டும் (ஒப்புதலுக்கு வரும் மாற்றங்கள்) தேங்கிவிடும். நாங்கள் ஒரு பொங்கல் வாரம் முழுவதும் அப்படித் தவித்தோம். ஏழு பெயரையும் எழுதினால், எவராவது ஒருவர் ஒப்புதல் கொடுத்தாலே போதும் என்பதால், அந்த மாட்யூலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் கொடுக்கும் ஒப்புதலோடு மாற்றம் உள்ளே போய்விடும். பில்ட்டுக்கு வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். உடைத்தவர் யாராக இருந்தாலும், முதலில் எழுந்து பார்ப்பவர் அந்த வாரத்துக்காரர்.

மார்ச்சுக்காரன் எழுதிய பதில்:

உங்கள் மூத்தவரின் இடத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். ஒரு நிறுவனத்தில் சரக்கு இருப்பைக் கணக்கிடும் மாட்யூல் என்னுடையதாக இருந்தது. என் மகளின் காதுகுத்து நடந்த மண்டபத்தில், மாமன் மடியில் குழந்தை அழுதுகொண்டிருக்க, நான் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளரின் இருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்று எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது பொய். நான் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்ற பெருமைதான் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தனி உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது ஒருவரிடமிருந்து சுமையை மட்டுமே எடுத்துக்கொள்கிறோம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள்.

நான் விட்டுக்கொடுத்தது அறிவிப்பால் அல்ல. புதிதாக வந்த குழுத் தலைவர் எனக்கு ஒரு விதி போட்டார்: இரண்டு ஸ்பிரிண்ட்டுக்கு, அதாவது இரண்டு வேலைச் சுற்றுக்கு, உங்கள் மாட்யூலில் நீங்கள் விசைப்பலகையைத் தொடக் கூடாது, மாற்றம் தேவைப்பட்டால் வேறொருவர் தட்டச்சு செய்வார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் சொல்லலாம். முதல் மூன்று நாள் கை துறுதுறுத்தது. நான்காம் நாள், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண், நிரலில் ஒரு வரியைக் காட்டி, “சார், மாதம் மூன்றாக இருந்தால் இந்தச் சரிபார்ப்பை ஏன் தாண்டிப் போகிறோம்?” என்று கேட்டார். எழுதியது நான்தான். காரணம் எனக்கு நினைவில்லை. நிரல் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் சப்வெர்ஷன் மென்பொருளிலிருந்து கிட் மென்பொருளுக்கு மாறியபோது பழைய வரலாற்றைக் கொண்டுவராமல் விட்டிருந்ததால், அந்த வரிக்குக் கீழே ‘முதல் இறக்குமதி’ என்ற ஒரே குறிப்புதான் இருந்தது. மார்ச் இறுதியில் நிதியாண்டு முடியும்போது கையிருப்பை எண்ணித் திருத்துவதற்காக ஒரே ஒரு வாடிக்கையாளர் கேட்டுக்கொண்ட விலக்கு அது என்பதையும், அந்த வாடிக்கையாளர் எங்களை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதையும் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. எல்லாம் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மாட்யூல் அது.

இன்னொன்றையும் உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். ஆண்டு இறுதி மதிப்பீட்டுப் படிவத்தில் நீங்கள் பொறுப்பேற்றுள்ள மாட்யூல் எது என்ற கேள்வி இன்னும் இருக்கிறதா? எங்கள் படிவத்தில் இருந்தது. நிரல் எல்லோருக்கும் பொது, சம்பள உயர்வு மட்டும் தனித்தனி மாட்யூலுக்கு என்றால், அடுத்தவர் மாட்யூலில் ஒரு நாளைச் செலவிட்டு டெஸ்ட் எழுதுபவரை எல்லோரும் முட்டாள் என்றுதான் நினைப்பார்கள். அடுத்தவருக்கு எதைக் கற்றுக்கொடுத்தீர்கள் என்ற கேள்வியை அந்த இடத்தில் சேர்க்க வைக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. திறந்த மூல மென்பொருள்களை உருவாக்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் நிர்வாகக் குழு 2004இலேயே, நிரல் கோப்புகளின் தலைப்பில் ஆசிரியர் பெயரை எழுதும் வழக்கத்தைத் தவிர்க்கும்படி தன் திட்டங்களுக்குப் பரிந்துரைத்தது. பெயரைக் கண்டதும் மற்றவர் ஒதுங்கிப் போய்விடுகிறார் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். எங்கள் கோப்புகளில் என் பெயர் நாற்பது இடங்களில் இருந்தது. அவற்றை அழித்த கமிட்டை நானே செய்தேன், விதியை மீறி.

ஒற்றைச்சாவி எழுதியது:

பெயரை அழித்ததை மதிக்கிறேன். ஆனால் கோப்பின் தலைப்பில் இருக்கும் பெயர் இதை எழுதியவர் யார் என்று சொல்கிறது. கோட்ஓனர்ஸில் இருக்கும் பெயர் இப்போது யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறது. முதலாவது போக வேண்டியதுதான். இரண்டாவதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருந்தால் அது கல்வெட்டாக மாறாது.

பைசாக்கணக்கு எழுதியது:

ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். பழைய விசைப்பலகை அவர்களின் கேள்விக்கு உண்மையான விடை: நான்கு டெஸ்ட்கள் இருந்தன, அவற்றில் இரண்டு ஓடவே இல்லை.

பழைய பில்களை மூன்று ஃபங்ஷன்களிலும் ஓடவிட்டு, வேறுபட்டவற்றை அச்செடுத்து எங்கள் கணக்காளரிடம் கொண்டுபோனோம். பில்லில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் தனித்தனி நெடுவரிசைகளில் அச்சாகின்றன, வாடிக்கையாளர் அந்த இரண்டையும் கூட்டித்தான் சரிபார்ப்பார், ஆகவே தனித்தனியே முழுமையாக்குவதுதான் எங்களுக்கு வேண்டும் என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். ஆக, மூத்தவர் எழுதிய ஃபங்ஷன்தான் நின்றது. என்னுடையதை நானே நீக்கினேன். ஆனால் அந்த வேலையின்போது பழைய ஃபங்ஷனிலும் ஒரு பிழை அகப்பட்டது: மொத்த பில்லுக்குக் கொடுக்கும் தள்ளுபடியைப் பொருள்வாரியாகப் பிரிக்கும்போது மிச்சமாகும் ஒரு பைசா கடைசிப் பொருளில் சேராமல் காணாமல் போய்க்கொண்டிருந்தது. மூத்தவரிடம் காட்டத் தயங்கினோம். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். எட்டு ஆண்டுகளாக அந்தப் பைசா எங்கே போகிறது என்று ஒரு கடைக்காரர் அவ்வப்போது கேட்பார் என்றும், அவர்தான் தவறாகக் கூட்டுகிறார் என்று தான் நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.

மார்ச்சுக்காரன் அவர்களின் விதியை அப்படியே எடுத்துக்கொண்டோம், இரண்டு ஸ்பிரிண்ட்டுக்குப் பதிலாக ஒன்றுக்கு மட்டும். மூத்தவர் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த காட்சியைக் குழுவில் அனைவரும் படம் எடுத்துக்கொண்டோம். மதிப்பீட்டுப் படிவத்தைப் பற்றி மேலாளரிடம் கேட்டதற்கு, அது தன் கையில் இல்லை என்றார். அந்த ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது.

கோட்ஓனர்ஸ் கோப்பில் வரி மாட்யூலுக்கு மூத்தவரின் பெயரோடு, எங்கள் குழுவிலேயே இளையவரான பெண்ணின் பெயரையும் சேர்த்தோம். அவர் அந்த மாட்யூலில் செய்த முதல் மாற்றத்துக்கு மூத்தவர் இருபத்து மூன்று குறிப்புகள் எழுதினார். அவற்றில் ஆறை அந்தப் பெண் காரணத்தோடு மறுத்து எழுதினார், நான்கில் மூத்தவர் இணங்கினார். நேற்று மாலை அது மெர்ஜ் ஆகி முதன்மை நிரலில் சேர்ந்தது. இன்று காலை பில்ட் உடைந்திருக்கிறது. இந்த வாரம் முறை என்னுடையது என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.